மருத்துவமனைப் பல் மருத்துவ ரெசிடென்சி: ஓராண்டை விழுங்கும் வீண் வேலையா?

2024 செப்டம்பர் 12, ஒரு வாசகரின் கேள்வி

அமெரிக்காவில் பல் மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறேன். பட்டம் பெற்றபின் மருத்துவமனையில் செய்யும் பயிற்சியான ஜி.பி.ஆர். என்ற பொதுப் பல் மருத்துவ ரெசிடென்சி, என் பார்வையில் நான்காண்டுக் கல்லூரியின் ஐந்தாம் ஆண்டுதான். அந்த ஓராண்டில் தனியார் கிளினிக்கில் சேர்ந்தால் கூடுதலாகச் சம்பாதிக்கலாம், கை வேகமும் கூடும். கடன் கழுத்து வரை இருக்கிறது. இதை வீண் என்று நான் சொன்னால் மறுக்க ஆள் உண்டா?

செப்டம்பர் 12, இரவு

நான் மறுக்கிறேன், ஆனால் முழுவதும் அல்ல. சம்பளம் பற்றியும் கை வேகம் பற்றியும் நீங்கள் சொல்வது சரியே. பரபரப்பான கிளினிக்கில் ஓராண்டு வேலை செய்தவர், அதே ஓராண்டை மருத்துவமனையில் கழித்தவரைவிட விரைவாகக் கிரௌன் என்ற பல் உறைக்குப் பல்லைச் செதுக்குவார். நான் ரெசிடென்சி முடித்து வெளியே வந்தபோது என்னோடு படித்தவர்கள் என்னைவிட வேகமாகத்தான் இருந்தார்கள்.

ஆனால் அந்த ஆண்டு வேகத்தைக் கற்றுக்கொடுப்பதற்காக ஏற்பட்டதல்ல. கல்லூரியில் நம்மிடம் வரும் நோயாளிகள் ஏற்கெனவே சலிக்கப்பட்டவர்கள். இதய வால்வு மாற்றியவர், கல்லீரல் செயலிழந்தவர், இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருப்பவர் போன்றோர் மாணவர் நாற்காலிக்கு வருவதே அரிது. தனியார் கிளினிக்கிலும் இவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள். அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் கடைசியாக வந்து சேரும் இடம்தான் மருத்துவமனைப் பல் மருத்துவப் பிரிவு. அங்கே உட்காரும் ரெசிடென்ட், அவர்களை இன்னொரு இடத்துக்கு அனுப்ப முடியாது. அந்த ஒரு நெருக்கடியிலிருந்துதான் எல்லாப் படிப்பும் தொடங்குகிறது.

செப்டம்பர் 13

"ஐந்தாம் ஆண்டு" என்பதற்கு ஒரு பதில் விடுபட்டுவிட்டது. அமெரிக்காவில் இந்தப் பயிற்சித் திட்டங்களுக்கு அங்கீகாரம் தருவது கோடா என்ற பல் மருத்துவ அங்கீகார ஆணையம். குறைந்தது 12 மாதங்கள். சில இடங்களில் விருப்பத்தின் பேரில் இரண்டாம் ஆண்டும் உண்டு. மயக்கவியல் பிரிவில் குறைந்தது 70 மணி நேரமும், பொது மருத்துவப் பிரிவில் குறைந்தது 70 மணி நேரமும் ரெசிடென்ட் சுழற்சியில் இருந்தாக வேண்டும் என்பது அந்த ஆணையத்தின் விதி. இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் ஏ.இ.ஜி.டி. என்ற இன்னொரு பயிற்சி, பெரும்பாலும் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இராணுவத்திலும் நடப்பது; அதன் எடை கிளினிக் வேலையின் பக்கம் சாய்ந்திருக்கும். ஐந்தாம் ஆண்டு என்ற விவரிப்பு சில ஏ.இ.ஜி.டி. திட்டங்களுக்கு ஓரளவு பொருந்தலாம்.

மயக்கவியல் சுழற்சியை நான் விடுமுறை என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். மூச்சு நின்ற ஒருவருக்கு முகமூடியை வைத்து, தாடையை முன்னால் இழுத்துப் பிடித்து, பையை அழுத்தி மூச்சுக் கொடுப்பது எவ்வளவு கடினம் என்பது பொம்மையின் மீது பயிலும்போது தெரிவதில்லை. தாடி வைத்தவர், பல்லே இல்லாதவர், கழுத்து பருத்தவர் என்று ஒவ்வொருவரிடமும் காற்று ஒவ்வொரு வழியாகக் கசிகிறது. பிறகு தனியாகக் கிளினிக்கில் அமர்ந்து ஒருவருக்கு மயக்கமூட்டும் மாத்திரை கொடுக்கலாமா என்று யோசிக்கும் ஒவ்வொரு முறையும், அந்த முகமூடி கையில் நழுவியது நினைவுக்கு வருகிறது. பல முறை வேண்டாம் என்றே முடிவு செய்திருக்கிறேன்.

செப்டம்பர் 13, சற்று நேரம் கழித்து

பணம் பற்றி ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார். ஜி.பி.ஆர். ரெசிடென்டுக்கு வழக்கமாக அதே மருத்துவமனையின் முதலாண்டு மருத்துவ ரெசிடென்டுக்கு உரிய உதவித்தொகை கிடைக்கும். அது எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பயிற்சி அளிக்கும் மருத்துவமனைகளுக்கு, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டம் பணம் தருகிறது. 1997-ஆம் ஆண்டின் வரவுசெலவுச் சமன்பாட்டுச் சட்டம், அப்பணத்தைப் பெறத்தக்க மருத்துவ ரெசிடென்டுகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு விதித்தது. பல் மருத்துவ ரெசிடென்டுகள் அந்த வரம்புக்கு வெளியே விடப்பட்டார்கள். எனவே நம்மைச் சேர்த்தால் மருத்துவமனைக்குப் பணம் வருகிறது, அதில் கருணைக்கு வேலை இல்லை. இதைத் தெரிந்துகொண்டு நேர்காணலுக்குப் போனால் முதுகு கொஞ்சம் நிமிரும். சில ஏ.இ.ஜி.டி. திட்டங்கள் உதவித்தொகை தருவதற்குப் பதிலாகக் கட்டணம் வாங்குகின்றன என்பதையும் கடன் உள்ளவர் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 15

"மருத்துவ நிலையைப் பாடப்புத்தகத்திலேயே படித்துவிட்டோமே" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். படித்தோம், மறுக்கவில்லை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு ஒரு பல்லைப் பிடுங்குவதற்காக மருந்தை நிறுத்தக் கூடாது, இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு அன்றைக்கு 3.5-க்குள் இருந்தால் உரிய முன்னேற்பாட்டோடு பிடுங்கலாம் என்பதை யாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். பல் குழியில் கசியும் இரத்தத்தை அழுத்தியும் தைத்தும் நிறுத்த முடியும். மருந்தை நிறுத்தியதால் மூளைக்குப் போகும் இரத்தக்கட்டியை நம்மால் நிறுத்த முடியாது. இதுவும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

தெரியாமல் இருப்பது அடுத்த கட்டம். நோயாளியின் இதய மருத்துவரிடமிருந்து "ஐந்து நாள் வார்ஃபரினை நிறுத்திவிட்டுப் பல்லை எடுக்கவும்" என்று ஒரு வரிக் கடிதம் வருகிறது. அவர் உங்களைவிட இருபது ஆண்டு மூத்தவர். இப்போது என்ன செய்வீர்கள்? நான் முதல் முறை அப்படி ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு எங்களை மேற்பார்வையிடும் மூத்த மருத்துவரான அட்டெண்டிங்கிடம் போனபோது, அவர் கடிதத்தைப் படிக்கவே இல்லை. "நீ அவரிடம் என்ன கேட்டாய்?" என்றார். "பல் பிடுங்கலாமா" என்று கேட்டிருந்தேன். பல் பிடுங்குவதில் எவ்வளவு இரத்தம் போகும் என்பது அந்த இதய மருத்துவருக்கு எப்படித் தெரியும்? வயிற்று அறுவை அளவுக்கு இருக்கும் என்று எண்ணி, எச்சரிக்கையாகப் பதில் எழுதியிருக்கிறார். பிறகு தொலைபேசியில் அழைத்து, இரண்டு பற்கள், ஒற்றை வேர், தையல் போடுவேன், இரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலத்தில் நனைத்த பஞ்சுத்துணியை வைத்துக் கடிக்கச் சொல்வேன், மருந்தைத் தொடர விரும்புகிறேன், உங்களுக்கு மறுப்பு உண்டா என்று கேட்டேன். அரை நிமிடத்தில் ஒப்புக்கொண்டார்.

இப்படிக் கேட்கக் கற்றுக்கொள்வதைத்தான் நான் அந்த ஆண்டின் பாடம் என்கிறேன். நம் சிகிச்சையின் அளவை நாம் சொல்ல வேண்டும். நோயின் அளவை அவர் சொல்ல வேண்டும். முடிவை நாம் எடுக்க வேண்டும். அனுமதிக் கடிதம் ஒன்றை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்வதால் பொறுப்பு அந்தப் பக்கம் போய்விடுவதில்லை.

செப்டம்பர் 16

இதய நோயாளிக்கு அட்ரினலின் கலந்த மரப்பு ஊசி போடலாமா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: கடுமையான இதய நோய் உள்ளவருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அட்ரினலின் வரம்பு 0.04 மில்லிகிராம். 1:1,00,000 செறிவுள்ள மரப்பு மருந்தில் ஏறத்தாழ இரண்டு கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியில் பொருத்தும் இரண்டு மருந்துக் குழல்கள். ஆனால் மரப்பு சரியாகப் பிடிக்காமல் வலியில் துடிப்பவரின் உடல் தானாகச் சுரக்கும் அட்ரினலினுக்கு வரம்பு எழுதி வைத்தவர் யாருமில்லை. எனவே பயந்துபோய் அட்ரினலின் இல்லாத மருந்தைப் போட்டு, பாதி மரப்பில் பல்லை ஆட்டுவது பாதுகாப்பு ஆகாது.

டயாலிசிஸ் நோயாளிக்கு, டயாலிசிஸ் முடிந்த மறுநாள் செய்யுங்கள். அன்றைக்கு, டயாலிசிஸின்போது இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் ஹெப்பாரினின் வேலை முடிந்திருக்கும், உடலும் ஓரளவு தெளிந்திருக்கும். டயாலிசிஸுக்கான இரத்தக்குழாய் இணைப்பு உள்ள கையில் இரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிவிடாதீர்கள்.

செப்டம்பர் 19

இரவுப் பணி எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். அழைத்தால் போக வேண்டிய ஆன்-கால் இரவுகளில் வரும் அழைப்புகளில் பெரும்பகுதி ஒன்றுமில்லாதவை. வார்டில் பல்செட் காணாமல் போவது ஒரு தனி இனம். அது சாப்பாட்டுத் தட்டோடோ படுக்கை விரிப்போடோ போயிருக்கும், நம்மால் ஆகக்கூடியது எதுவுமில்லை என்றாலும் நம்மைத்தான் எழுப்புவார்கள். சுவாசக் குழாய் செருகும்போது முன்பல் உடைந்துவிட்டால் மயக்கவியல் மருத்துவரிடமிருந்து ஓர் அழைப்பு வரும். மருத்துவமனையிலேயே மிகவும் மரியாதையான குரலைக் கேட்க வேண்டுமென்றால் அந்த அழைப்புக்குக் காத்திருங்கள்.

அவசரச் சிகிச்சைப் பிரிவிலிருந்து "பல் வலி, கன்னம் வீங்கியிருக்கிறது" என்று வரும் அழைப்பில் மட்டும் எழுந்து உட்கார வேண்டும். கன்னத்தில் மட்டும் வீக்கம் என்றால் நேரம் இருக்கிறது. இரு பக்கமும் தாடைக்கு அடியில் கல் போல் இறுகி, வாயின் தரை மேலே எழும்பி, நாக்கு மேலே தள்ளப்பட்டு, எச்சிலை விழுங்க முடியாமல் வடியவிட்டுக்கொண்டு, படுக்கச் சொன்னால் மறுத்து முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறார் என்றால் அது லுட்விக் ஆஞ்சைனா, மூச்சுப்பாதையையே அடைத்துவிடக்கூடிய தொற்று. அப்போது எந்தப் பல் காரணம் என்று தேடுவது நம் முதல் வேலை அல்ல. மூச்சுப்பாதைக்கு ஆள் வர வேண்டும், வாய் முக அறுவை மருத்துவர் வர வேண்டும், எக்காரணம் கொண்டும் அவரை மல்லாக்கப் படுக்க வைத்து ஸ்கேனுக்கு அனுப்பிவிடக் கூடாது. கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேர் நுனியில் தொடங்கிய சீழ் ஓர் ஆளைக் கொல்ல முடியும் என்பதைப் படித்திருந்தேன். ஒருவர் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்த்து அதை உணர்ந்தது அந்த ஆண்டில்தான்.

குழந்தைகள் விழுந்து பல் கழன்று வருவதும் இரவில்தான் அதிகம். நிலைப்பல் என்றால் பாலில் போட்டு எடுத்து வரச் சொல்ல வேண்டும், முடிந்தால் அங்கேயே குழியில் திருப்பிச் செருகச் சொல்ல வேண்டும். பால்பல் என்றால் செருகவே கூடாது. அடியில் வளரும் நிலைப்பல்லுக்குச் சேதம் வரும். தொலைபேசியின் மறுமுனையில் அழுதுகொண்டிருக்கும் பெற்றோரிடம் குழந்தையின் வயதை முதலில் கேட்பதற்குக்கூட ஒரு பழக்கம் வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் 22

வேகம் பற்றி முதல் நாள் எழுதியதற்கு ஒரு பின்னொட்டு. அறுவை அரங்கில் பல் மருத்துவம் செய்வது வேகத்தைப் பற்றிய என் எண்ணத்தையே மாற்றியது.

அறிவுத்திறன் குறைபாடோ கடுமையான ஆட்டிசமோ உள்ள பெரியவர்களுக்கு, நாற்காலியில் வாயைத் திறக்க வைப்பதே இயலாமல் போகும்போது, முழு மயக்கத்தில் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் செய்கிறோம். மூக்கு வழியாகச் சுவாசக் குழாய் செருகப்படுகிறது. தொண்டையில் துணி அடைக்கப்படுகிறது. அது உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் உரக்கச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். அவர் வாயில் என்ன இருக்கிறது என்பது பலசமயம் அப்போதுதான் முதல் முறையாகத் தெரியவருகிறது. எக்ஸ்ரே எடுத்து, திட்டம் போட்டு, அதே மணித்துளியில் வேலையைத் தொடங்க வேண்டும்.

கல்லூரியில் ஒரு பல்லைக் காப்பாற்றுவதே நல்ல பல் மருத்துவம் என்று பழகியிருந்தேன். இங்கே வேறு கணக்கு. இந்தக் கடைவாய்ப் பல்லுக்கு வேர்க்குழாய் சிகிச்சை செய்து கிரௌன் வைத்தால், அதில் பின்னால் சிக்கல் வரும்போது மறுபடியும் ஒரு முழு மயக்கம் தேவைப்படும். அவரால் வலிக்கிறது என்று சொல்லவும் முடியாது. சாப்பிட மறுப்பார், தலையை அடித்துக்கொள்வார், காரணம் தெரிய மாதங்கள் ஆகும். அப்படியானால் இன்றே எடுத்துவிடுவதா? அதே சமயம், பேச முடியாதவர் என்பதற்காக எல்லாப் பற்களையும் பிடுங்கித் தள்ளுவதும் ஒரு வசதியான கொடுமை. பாதுகாவலர் கையெழுத்திட்ட ஒப்புதல் எது வரை செல்லும், எந்தக் கட்டத்தில் வெளியே போய் அவரிடம் மறுபடியும் பேச வேண்டும் என்பதை அட்டெண்டிங்குகளே தங்களுக்குள் வாதிட்டதைக் கேட்டிருக்கிறேன். அந்த வாதங்களை எந்தத் தனியார் கிளினிக்கிலும் கேட்டிருக்க மாட்டேன்.

செப்டம்பர் 28

இரண்டாம் எண்ணம். இதுவரை எழுதியதைப் படித்தால் எல்லா ஜி.பி.ஆர். திட்டங்களும் இப்படித்தான் என்று தோன்றும். இல்லை. பெயரில் மருத்துவமனை இருந்து, உண்மையில் நாள் முழுவதும் புறநோயாளிகளுக்குப் பல் அடைப்பதும் பிடுங்குவதுமாக ஓடும் இடங்களும் உண்டு. என் நண்பர் ஒருவர் சேர்ந்த இடத்தில் மயக்கவியல் சுழற்சி என்பது மூலையில் நின்று வேடிக்கை பார்ப்பதாகவே முடிந்தது. இன்னும் சில இடங்களில் வாய் முக அறுவை ரெசிடென்டுகள் இருப்பதால் கடினமான பிடுங்கல்கள் எல்லாம் அவர்களிடம் போய்விடும். மறுபுறம், அவர்கள் இருப்பதால்தான் நள்ளிரவில் கேட்க ஓர் ஆள் கிடைப்பார். எது நல்லது என்பது உங்கள் கையின் நிலையைப் பொறுத்தது.

நேர்காணலில் இயக்குநரிடம் கேட்பதைவிட, அவர் இல்லாதபோது இப்போதைய ரெசிடென்டுகளிடம் கேளுங்கள். இரவில் அழைத்தால் அட்டெண்டிங் வருகிறாரா, தொலைபேசியோடு நிறுத்திக்கொள்கிறாரா? வார்டிலிருந்து கன்சல்ட், அதாவது பல் மருத்துவரின் ஆலோசனை, கேட்பவர்கள் யார்? இதய அறுவைப் பிரிவும் புற்றுநோய்ப் பிரிவும் உறுப்பு மாற்றுப் பிரிவும் கேட்டால் நல்ல அறிகுறி. அவசரச் சிகிச்சைப் பிரிவு மட்டும் கேட்டால் ஓராண்டும் சீழ்தான். தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேரான இம்பிளான்ட் எத்தனை வைத்தீர்கள் என்று கேட்பதில் தவறில்லை, ஆனால் அதை முதல் கேள்வியாக வைத்தால் நீங்கள் தேடுவது வேறு பயிற்சி.

அக்டோபர் 6

இந்தியாவில் பி.டி.எஸ். முடித்தவர் ஒருவர், இதன் வழியாக அமெரிக்க உரிமம் பெறலாமா என்று கேட்டிருக்கிறார். வெளிநாட்டுப் பட்டதாரிகளைச் சேர்க்கும் ஜி.பி.ஆர். திட்டங்கள் உண்டு. ஆனால் பெரும்பாலான மாநிலங்கள் உரிமத்துக்குக் கோடா அங்கீகாரம் பெற்ற கல்லூரியின் பட்டத்தையே கேட்கின்றன. ரெசிடென்சியை மட்டும் ஏற்கும் மாநிலங்கள் சில, அவற்றின் நிபந்தனைகளும் வேறு வேறு. எனவே முதலில் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் பல் மருத்துவ வாரியத்தின் விதியை நேரடியாகப் படித்துவிட்டு, அதன்பிறகு திட்டத்தைத் தேடுங்கள். தலைகீழாகச் செய்து ஆண்டுகளை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்கப் பட்டதாரிகளுக்கும் மாநிலம் முக்கியம். நியூயார்க்கில் 2007 முதல், செய்முறைத் தேர்வு எழுதி உரிமம் வாங்கும் வழி போய், ரெசிடென்சி முடித்திருப்பது புதியவர்களுக்குக் கட்டாயமானது. டெலவேரிலும் புதிய பட்டதாரிகளுக்குப் பொதுவாக ரெசிடென்சி தேவை. அங்கே வாழப்போகிறவருக்கு இந்த இழையின் தலைப்பே பொருந்தாது.

நவம்பர் 17

கேட்டவர் மீண்டும் வந்து, "இவ்வளவு கடினமான நோயாளிகளை நான் வாழ்நாளில் பார்க்கப்போவதே இல்லை, புறநகரில் சாதாரணக் கிளினிக் வைக்கப்போகிறேன்" என்கிறார். பார்ப்பீர்கள். அவர்கள் அந்த அடையாளத்தோடு வர மாட்டார்கள், அவ்வளவுதான்.

எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போட்டுக்கொள்ளும் முதியவர், அதை மருந்துப் பட்டியலில் எழுதவே மாட்டார்; ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி அவர் கணக்கில் மருந்தே அல்ல. டெனோசுமாப் என்ற அந்த மருந்தோ, புற்றுநோய்க்காக நரம்பு வழியாக ஏற்றப்பட்ட சோலெட்ரோனிக் அமிலமோ, பல் பிடுங்கிய குழி ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரியும் நிலையைக் கொண்டுவரக்கூடும். கழுத்தில் கதிர்வீச்சுப் பெற்றவர் பத்தாண்டு கழித்து வந்து, ஆடும் பல்லை எடுத்துவிடுங்கள் என்பார். கதிர்வீச்சுக்கு முன்னால், குழி ஆறக் குறைந்தது இரண்டு வாரமாவது விட்டு எடுத்திருக்க வேண்டிய பல் அது. இப்போது எடுத்தால் கீழ்த்தாடையின் எலும்பு நசிந்துபோகும் ஆபத்து உண்டு. பத்தாண்டு ஆகிவிட்டதே என்று ஆறுதல் கொள்ள முடியாது, அந்த ஆபத்து காலத்தோடு தேய்ந்து மறைவதில்லை.

மருத்துவமனையில் இந்தக் கதையின் முதல் பாதியைப் பார்க்கிறோம். கதிர்வீச்சு தொடங்கும் தேதி குறிக்கப்பட்டுவிட்டது, புற்றுநோய் மருத்துவர் ஒரு நாளும் தள்ளிப்போட விரும்பவில்லை, நோயாளிக்கு இப்போது பல்லைப் பற்றி நினைக்கவே மனமில்லை. எந்தப் பல்லை எடுப்பது, எதை விடுவது என்று அந்த நெருக்கடியில் நின்று தீர்மானித்த ஒருவர், பத்தாண்டு கழித்துப் புறநகர்க் கிளினிக்கில் அதே கழுத்துத் தழும்பைப் பார்க்கும்போது இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு யாரை அழைப்பது என்று யோசிப்பார்.

இதயத்தில் தொற்று வராமலிருக்கப் பல் சிகிச்சைக்கு முன் கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் இப்படித்தான். அது யாருக்குத் தேவை என்ற பட்டியலை அமெரிக்க இதயச் சங்கம் 2007-இல் சுருக்கிவிட்டது. செயற்கை வால்வு, முன்பு வந்த தொற்று, குறிப்பிட்ட சில பிறவி இதயக் குறைகள் போன்ற உச்ச ஆபத்து உள்ளவர்களுக்கு மட்டுமே இப்போது 2 கிராம் அமாக்சிசிலின் தேவை. 2021-இல், பென்சிலின் ஒவ்வாதவர்களுக்குத் தரப்பட்ட கிளிண்டாமைசினையும் பரிந்துரையிலிருந்து நீக்கிவிட்டது. ஆனாலும் முட்டி மாற்றியவர், இதயத்தில் லேசான முணுமுணுப்பு ஒலி உள்ளவர் என்று எல்லோரும் மாத்திரையோடு வருகிறார்கள். வேண்டாம் என்று காரணத்தோடு சொல்வதற்கும், தேவையான ஒருவரை விடாமல் பிடிப்பதற்கும் ஒரே பயிற்சிதான் உதவுகிறது.

2025 ஜனவரி 5

விண்ணப்பித்துவிட்டேன், தரவரிசைப் பட்டியலை எப்படி அடுக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியானால் வீண் என்ற கட்சியிலிருந்து விலகிவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன், கேலிக்குத்தான் சொல்கிறேன்.

யார் உங்களை எடுப்பார்கள் என்று ஊகித்து அடுக்காதீர்கள். நீங்களும் திட்டங்களும் தனித்தனியே தரும் வரிசைகளைப் பொருத்தும் கணிப்பு முறை விண்ணப்பதாரரின் விருப்பத்திலிருந்தே தொடங்குகிறது. கைக்கெட்டாதது என்று தோன்றும் இடத்தை முதலில் எழுதுவதால் இரண்டாவது இடத்துக்கான வாய்ப்பு குறையாது. உண்மையாக எங்கே போக விரும்புகிறீர்களோ அந்த வரிசையிலேயே எழுதுங்கள். போகவே விரும்பாத இடத்தை மட்டும் எழுதாமல் விடுங்கள், ஏனெனில் பொருந்திவிட்டால் அது உங்களைக் கட்டுப்படுத்தும்.

இரண்டு திட்டங்களுக்கு இடையில் தவிக்கிறீர்கள் என்பதற்கு என் பதில்: நீங்கள் விவரித்ததில், நகர மருத்துவமனையில் அட்டெண்டிங் இரவில் நேரில் வருகிறார், இம்பிளான்ட் குறைவு, மற்றதில் இம்பிளான்ட் அதிகம், இரவு அழைப்பே இல்லை. நான் முதலாவதை மேலே வைப்பேன். இம்பிளான்ட் வைக்கப் பின்னால் பணம் கட்டிக் கற்றுக்கொள்ளலாம். இரவு இரண்டு மணிக்கு உங்களுக்குப் பின்னால் வந்து நிற்கும் ஒருவரை, பிறகு எங்கேயும் விலைக்கு வாங்க முடியாது.

ஜூலையில் பயிற்சி தொடங்குவதற்கு முன் என்ன படிக்கலாம் என்ற கடைசிக் கேள்விக்கு: பல் மருத்துவம் எதுவும் வேண்டாம். இரத்தப் பரிசோதனை அறிக்கையை வாசிக்கப் பழகுங்கள், குறிப்பாக இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களும், தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்களான நியூட்ரோபில்களும். அந்த மருத்துவமனை எந்தப் பதிவு மென்பொருளைப் பயன்படுத்துகிறது என்று கேட்டு வையுங்கள். முதல் வாரத்தில் உங்களைப் படுத்தப்போவது அதுதான்.